பன்னிரண்டை மூன்றால் வகுத்தால்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாததற்காக நீ திட்டியிருப்பாய். அதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மீதியை உன் அண்ணன் கணக்கில் எழுதிவிடு, அவருக்குப் பழக்கம்தானே.

இந்த ஆண்டு எனக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். முதுகலைக் கணக்குப் படித்தவன் சின்னப் பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லித்தருகிறானே என்று நீ சிரிப்பாய். தாராளமாகச் சிரி, ஆனால் வகுத்தலுக்குள் இத்தனை விஷயம் இருப்பதை அந்த முதுகலை வகுப்பில் நமக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிகளைக் கொடுத்து, 12 ÷ 3 என்பதைச் செய்துகாட்டச் சொன்னேன். ஒரு சிறுமி மூன்று கிண்ணங்களை வைத்துக்கொண்டு, வரிசையாகக் கிண்ணத்துக்கு ஒரு மணியாகப் போட்டுக்கொண்டே போனாள். கடைசியில் ஒவ்வொன்றிலும் நான்கு இருந்தன. பக்கத்தில் இருந்த பையனோ மும்மூன்றாக எடுத்து வைத்து நான்கு குவியல்கள் செய்திருந்தான். நீ செய்தது தப்பு என்று இருவருக்கும் சண்டை. உண்மையில் இரண்டும் சரி: அவள் பங்கிட்டாள், அவன் குழுக்களாகப் பிரித்தான். அவளுக்கு எத்தனை பங்கு என்பது தெரியும், பங்குக்கு எத்தனை என்பது தெரியாது. அவனுக்கு அது அப்படியே தலைகீழ்.

பிறகு ஏன் இரண்டுக்கும் ஒரே விடை வருகிறது? சிறுமியை மறுபடியும் மெதுவாகப் போடச் சொன்னேன். ஒரு சுற்று முடியும்போது அவள் கையிலிருந்து மூன்று மணிகள் குறைகின்றன. அந்த மூன்றும் பையனுடைய ஒரு குவியல்தான். அவளுடைய நான்கு சுற்றுகளே அவனுடைய நான்கு குவியல்கள் என்பதை அந்தப் பையன் எனக்கு முன்பே கண்டு கத்திவிட்டான். தொடர் கழித்தல் என்று பாடத்தில் தனியாக வருவதும் இதுவே.

நாலு வயதிலேயே ‘உனக்கொன்று எனக்கொன்று’ என்று பிள்ளைகள் பிசகாமல் பங்கிடுவார்கள். ஆனால் ஒரு பங்கை எண்ணிச் சொன்ன பிறகும், அடுத்த பங்கிலும் அத்தனைதான் இருக்கும் என்று அந்த வயதில் பலரால் ஊகிக்க முடிவதில்லை என்பதை 1988இல் ஃப்ரைட்மன், பிரையன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கை அறிந்ததை எண்ணாக்கித் தருவதுதான் நம் வேலை என்று நினைக்கிறேன்.

பங்கிடுதலோடு நின்றுவிடுவதில்தான் எனக்கு வருத்தம். 3 ÷ ½ வரும்போது அரை ஆளுக்கு எப்படிப் பங்கு கொடுப்பது? மூன்றுக்குள் எத்தனை அரை என்று கேட்டால், ஆறு என்று பிள்ளையே சொல்லும். பூச்சியத்தால் ஏன் வகுக்க முடியாது என்பதும் அப்படியே விளங்கும். பன்னிரண்டிலிருந்து ஒன்றுமில்லாததை எத்தனை முறை எடுத்தாலும் பன்னிரண்டு தீராது. அதற்காகப் பங்கிடுதலைக் கைவிடச் சொல்லவில்லை. எழுபத்திரண்டு குச்சிகளைப் பத்துப்பத்தாகக் கட்டி மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு கட்டு போக ஒரு கட்டு மிஞ்சும். அதை அவிழ்த்து உதிரி இரண்டோடு சேர்த்தால் பன்னிரண்டு, ஆளுக்கு நான்கு, ஆக இருபத்துநான்கு. நெடுவகுத்தலில் நாம் அர்த்தம் தெரியாமல் ‘கீழே இறக்கியது’ இந்த உதிரிகளைத்தான்.

மீதியைப் பற்றியும் ஒரு புலம்பல். நான்கு பேர் ஏறக்கூடிய படகுகளில் பதின்மூன்று பேர் போக எத்தனை படகு வேண்டும் என்றால், ‘ஈவு 3, மீதி 1’ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்த ஒருவர் கரையிலேயே நிற்கிறார்.

உன் மகன் பதினாறாம் வாய்பாடு வரை ஒப்பிக்கிறான் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி, ஆனால் வாய்பாடு முடிந்த பிறகே வகுத்தல் என்ற உன் கொள்கையை நான் ஏற்கவில்லை. 24 ÷ 6க்கு இரண்டு வெவ்வேறு கதைகள் சொல்லி, இரண்டுக்கும் படம் வரையச் சொல். ஒரே கதையின் ஆட்களை மாற்றி இரண்டாக்கினால் விடாதே. படங்களை அப்படியே எனக்கு அனுப்பு. நீ திருத்தி அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன் பழைய பெஞ்சுத் தோழன்