சீனர் சைவக் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்: என்ன போட்டிருக்கிறது என்று எழுதி வையுங்கள்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சைவ உணவகம் நடத்தும் சீனத் தவுக்கேகளுக்கும் (முதலாளிகளுக்கும்), அங்கே அடுப்படியில் நிற்கும் அங்கிள், ஆன்ட்டிகளுக்கும் வணக்கம்.

தமிழில் எழுதுகிறேன். உங்கள் மேசைகளில் உட்காரும் எங்கள் ஆட்கள் முதலில் படிக்கட்டும். கல்லாவில் காசு கொடுக்கும்போது அவர்களே உங்களிடம் எடுத்துச் சொல்லட்டும்.

புரட்டாசி பிறந்தால் உங்கள் கடையில் எங்கள் கூட்டம் எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களிலும் அப்படித்தான். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் உங்கள் ஆட்கள் வருகிறார்கள், வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் வருகிறோம். சீனர்கள் ஒன்பது நாள் சைவ விரதம் இருக்கும் ஒன்பது பேரரசர் விழா பெரும்பாலும் எங்கள் புரட்டாசியோடு ஒட்டியே வருவதால், அந்த நாள்களில் வெள்ளை உடுத்திய சீனப் பாட்டியும் விரதம் இருக்கும் தமிழ்ப் பையனும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது சாதாரணம். இதை உண்டாக்கியது எந்த அரசாங்கத் திட்டமும் இல்லை, உங்கள் சமையல்தான். அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் டிரேக்களில் எதில் முட்டை, எதில் பால், எதில் வெங்காயம் பூண்டு, எதில் கோதுமை இருக்கிறது என்று தெரியும்படி செய்யுங்கள்.

'வாசலில் சைவம் என்று பலகை மாட்டியிருக்கிறோமே, போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். போதாது. உங்கள் விதி வேறு, எங்கள் விதி வேறு. உங்கள் சைவம் மகாயான பௌத்தத்தின் வழியாக வந்தது. ஆறாம் நூற்றாண்டில் சீனாவின் தென்பகுதியை ஆண்ட லியாங் வூ பேரரசர் துறவிகள் இறைச்சி உண்ணக் கூடாது என்று வற்புறுத்தியதிலிருந்து அது அங்கே வேரூன்றியது. தாய்லாந்திலும் மியன்மாரிலும் உள்ள தேரவாதத் துறவிகள் பிச்சைப் பாத்திரத்தில் விழுவதை உண்பார்கள், இறைச்சி உட்பட. ஆகவே இந்த வட்டாரத்தில் நாம் காணும் சைவக் கடைகளில் பெரும்பாலானவை சீனர்கள் கொண்டுவந்தவை, வியட்நாமில் வியட்நாமியப் பௌத்தர்கள் வளர்த்தவை.

அந்த மரபில் இறைச்சியோடு சேர்த்து வாசனை தூக்கலான ஐந்து பொருள்களும் விலக்கு. பூண்டு, வெங்காயத்தாள், குச்சாய் (பூண்டு வாசம் வீசும் கீரை), சிறு பூண்டு, ஐந்தாவதாகப் பெருங்காயம். இந்த ஐந்தாவதைக் கேட்டால் எந்தத் தமிழ்ச் சமையல்காரரும் திடுக்கிடுவார். எங்கள் வீடுகளில் வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைக்கிற அன்றைக்குத்தான் பெருங்காயத்தைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுவோம்! பழைய பௌத்த நூல்களின் பட்டியலில் இருந்த அந்தப் பொருள் சீனாவில் அரிது என்பதால் பிற்காலத்தில் அதன் இடத்தில் பெரிய வெங்காயத்தை வைத்துவிட்டார்கள். தாய்லாந்துப் பட்டியலில் அந்த இடத்தில் புகையிலை இருக்கிறது. அதை எந்தக் குழம்பில் யார் போடப் போகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எங்கள் பக்கம் நிலைமை தலைகீழ். வெங்காயமும் பூண்டும் பலருக்குப் பிரச்சினையே இல்லை. பாலும் தயிரும் இல்லாமல் விருந்தே இல்லை. ஆனால் முட்டை கூடாது. உங்கள் மரபில் பலர் முட்டையை ஏற்றுக்கொள்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். இப்போது மூன்றாவதாக ஒரு கூட்டமும் உங்கள் கடைக்கு வருகிறது. பால், முட்டை, தேன் எதையும் தொடாத இளைஞர்கள் அவர்கள். இவர்களில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே டிரேயிலிருந்துதான் எடுக்கிறோம்.

இப்போது போலி இறைச்சிக்கு வருவோம். உங்கள் கைவண்ணத்தின் உச்சம் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கழுவிக் கழுவி, மாச்சத்து போனபின் மிஞ்சும் பசையைச் சுருட்டி 'வாத்து' ஆக்குகிறீர்கள். ஷிட்டாகே காளானின் முரட்டுக் காம்பை நார் நாராகப் பிய்த்து 'ஆட்டிறைச்சி' ஆக்குகிறீர்கள். கொஞ்சாக் கிழங்கு மாவில் இறால், கணவாய். சோயாப் பிசைவின் மேல் கடற்பாசித் தாளை ஒட்டிப் பொரித்தால் தோலோடு மீன் துண்டு. அந்தக் கடற்பாசித் தாளை ஒட்டலாம் என்று முதலில் யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. எங்கள் வீடுகளில் இந்தச் சைவ ஆட்டிறைச்சியை வாங்கி, சோம்பும் மிளகும் அரைத்துப் பிரட்டல் வைத்து, பூசைக்கு வந்தவர்களுக்குப் பரிமாறுகிறோம். சாப்பிட்டு முடித்த பெரியவர் ஒருவர் சந்தேகத்தோடு இன்னொரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் நடக்கும்.

சிக்கலும் இங்கேதான். இந்தத் துண்டுகளை உதிராமல் பிடித்து நிறுத்த, பல தயாரிப்புகளில் முட்டை வெள்ளைக்கருவோ பால் புரதமோ சேர்க்கிறார்கள். கண்ணால் பார்த்தோ நாக்கால் சுவைத்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உங்களால் முடியும், ஏனென்றால் பாக்கெட் உங்கள் உறைபெட்டியில் இருக்கிறது. நீங்கள் வாங்கும் பாக்கெட்டுகளில் பல தைவானிலிருந்து வருபவை. தைவானில் அடைத்து விற்கும் உணவைச் சைவம் என்று சொல்ல வேண்டுமானால், ஐந்து வகைகளில் எது என்பதையும் அதன்மேல் குறிப்பிட வேண்டும்: முழுவதும் தாவரம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, தாவரம்தான் ஆனால் பூண்டு வெங்காய வகை சேர்ந்தது. இதே பாக்கெட் இந்தியாவில் விற்பனைக்கு வந்தால், வெள்ளைக்கரு ஒரு சிட்டிகை இருந்தாலும் பச்சை வட்டம் கிடைக்காது, அசைவக் குறிதான். பால் மட்டும் என்றால் பச்சை வட்டம் தாராளமாகக் கிடைக்கும். ஆக, நான் கேட்கும் தகவல் உங்கள் அடுப்படிவரை அச்சடித்த எழுத்தில் வந்து சேர்ந்துவிட்டது. அங்கிருந்து டிரேவரைதான் வர மறுக்கிறது.

ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பளபளவென்று வட்ட வட்டமாக நறுக்கிப் பொரித்து, மேலே காளான் சாறு ஊற்றிய தௌஃபூ. முட்டை இருக்கிறதா என்று கேட்டேன். கறி எடுத்துக் கொடுத்த தம்பி, 'எல்லாம் வெஜிடேரியன்' என்றார். பிளாஸ்டிக் குழாயில் வரும் அந்த மஞ்சள் நிறத் தௌஃபூவை முட்டை சேர்த்துத்தான் செய்கிறார்கள் என்பது, பக்கத்தில் நின்ற ஒரு சீன அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. வேறு நாட்டிலிருந்து வந்து, தனக்குப் பழக்கமில்லாத சமையலைப் பரிமாறும் ஒருவரிடம் நாம் கேட்பது அவருக்கே தெரியாத ஒன்றை. உங்கள் கடையின் விதிப்படி அவர் சொன்ன பதில் சரியும்கூட. அவரை இந்தச் சங்கடத்தில் நிறுத்துவது நியாயமில்லை.

எழுதி வைத்தால் உங்களுக்கும் லாபம் உண்டு. மஞ்சள் மீயை (கோதுமை நூடுல்ஸை) எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பார்த்ததுமே எங்கள் ஆட்களில் பாதிப் பேர் முட்டை என்று முடிவுகட்டி மீகூனுக்கு (அரிசிச் சேமியாவுக்கு) தாவிவிடுகிறார்கள். மாவில் சேர்க்கும் காரநீர்தான் (சோடா உப்பு மாதிரியான காரம் கரைத்த தண்ணீர்) அந்த மஞ்சளுக்குக் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. கொஞ்சம் சாயமும் சேர்வதுண்டு. முட்டை போட்ட மீயும் இருக்கிறது, போடாததும் இருக்கிறது. உங்கள் கடையில் இருப்பது எது என்று உங்களுக்குத்தான் தெரியும். போடாதது என்றால் ஒரு அட்டை அதை விற்றுக் கொடுக்கும். இப்போதோ சந்தேகம் வந்தவர் என்ன செய்கிறார்? கங்கோங் கீரை, வெள்ளைத் தௌஃபூ, சோறு, அவ்வளவுதான். நீங்கள் பாடுபட்டுச் செய்த விலை கூடின கறிகளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சைவக் காப்பிக்கடை நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரி: ரொட்டியில் தடவும் காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும்தான். பூசணி போட்டு முட்டை இல்லாமல் செய்கிறீர்கள் என்றால் அதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள், ஏன் மறைக்கிறீர்கள்?

அன்றாடம் சமையல் மாறுகிறது, அட்டை எழுத நேரம் ஏது என்பீர்கள். எழுதவே வேண்டாம். முட்டை, பால் குவளை, பூண்டு, கோதுமைக்கதிர் என்று நான்கு படம் போட்ட கிளிப்புகள் ஒரு டப்பா நிறைய இருந்தால் போதும். டிரேயை வெளியே கொண்டுவரும்போது உள்ளவற்றைச் செருகிவிடலாம். படம் என்பதால் சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம் என்ற தகராறும் இல்லை. சமையல் ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயமும் வேண்டாம். உங்கள் சம்பாலில் என்ன விகிதம் என்று யாரும் கேட்கவில்லை. கோதுமைக்கதிரை ஏன் சேர்த்தேன் என்றால், கோதுமைப் புரதம் உடம்புக்கு ஆகாதவர்களுக்கு அந்தப் போலி வாத்து முழுக்க முழுக்க அதுவேதான். அவர்களுக்கு இது விரத விஷயம் இல்லை, வயிற்று விஷயம். கிளிப் செருகிய கையோடு, முட்டை உள்ள டிரேயின் கரண்டி அடுத்த டிரேக்குப் போகாமலும் பார்த்துக்கொண்டால் நல்லது.

தாய்லாந்தில் இந்தக் குழப்பம் ஏன் குறைவு என்று பாருங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று தொங்கினால் இறைச்சி, மீன்சாறு, முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இல்லை என்று அர்த்தம். முட்டையும் பாலும் சேர்க்கிற சைவத்துக்கு அங்கே பெயரே வேறு. புக்கெட்டில் ஒன்பது நாள் திருவிழாவின்போது தெருவெல்லாம் அந்தக் கொடிதான், மொழி தெரியாதவரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். நம் ஊரில் ஒரே பலகையின் கீழ் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறோம். அது தவறில்லை, பலதரப்பட்டவர்கள் வரும் ஊர். ஆனால் அப்படி வைப்பதென்றால் டிரேக்கு டிரே சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் பட்டியல்களில் 'ஆடு', 'கோழி', 'மீன்' என்றுதான் எழுதுகிறீர்கள். அப்புறம் ஒரு மூலையில் வாழைப்பூக் கெராபு (மலாய்ப் பச்சடி), தெம்பே (புளித்த சோயாக் கட்டி) வறுவல், பெத்தாய் (வாசம் தூக்கலான காட்டு அவரை) சம்பால் எல்லாம் பெயரே இல்லாமல் கிடக்கின்றன. பெலாச்சானும் (இறால் விழுது) மீன்சாறும் இல்லாமல் இந்த வட்டாரத்துச் சமையலை நிமிர்த்துவது எவ்வளவு கடினம் என்பது அடுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். நீங்கள் தவ்ச்சியோவையும் (புளித்த சோயா விழுது) புளித்த தௌஃபூவையும் காய்ந்த காளானையும் வைத்து அந்த ஆழத்தைக் கொண்டுவருகிறீர்கள். மியன்மாரின் ஷான் மலைப்பகுதியிலும் வடதாய்லாந்திலும் சோயாவைப் புளிக்கவைத்து, இடித்து, அப்பளம் மாதிரி தட்டி வெயிலில் காயவைப்பார்கள். மற்ற இடங்களில் இறால் விழுது செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது. இதையெல்லாம் பலகையில் எழுதினால் நான் கூடக் காசு கொடுத்து வாங்குவேன். 'ஆடு' என்று எழுதினால் அது நல்ல ஆடா என்று மட்டும்தான் பார்ப்பேன், பெரும்பாலும் அது ஆட்டிடம் தோற்றுப்போகும். பெத்தாய் யாரிடமும் தோற்க வேண்டியதில்லை.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்கக் கேக் சாப்பிட்டுவிட்டுப் புரட்டாசியில் மட்டும் சுகாதார அதிகாரி மாதிரி கேள்வி கேட்கிறவர்கள் எங்களிடம் உண்டு. வரிசையை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிரேயாகக் குறுக்கு விசாரணை செய்வார்கள். பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள், ஆன்ட்டி பொறுமையாகப் பதில் சொல்வார். அந்தப் பொறுமைக்காகவாவது அந்த நான்கு கிளிப்புகளை வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதலில் முட்டைக்கு மட்டும் வையுங்கள், அதிகம் கேட்கப்படுவது அதுதான். அதிலும் உறைபெட்டியைத் திறந்து, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். சில பாக்கெட்டுகள் உங்களுக்கே புதிதாக இருக்கும். பால், பூண்டு, கோதுமை எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் ஒருவர்