பிரித்த குப்பை எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களில் குப்பையைத் தரம் பிரிக்கும் திட்டங்கள் தொடங்கிய சில மாதங்களிலேயே தளர்ந்துபோனால், மக்களின் அக்கறையின்மையே காரணம் என்று சொல்லிவிடுகிறோம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. தாம் இரண்டு கூடைகளில் பிரித்துக் கொடுத்த குப்பை தெருமுனையில் ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்ட குடும்பத்தினரை, மறுவாரமும் பிரித்துத் தாருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

மக்கும் குப்பை ஊரை விட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. காய்கறிக் கழிவோடு காய்ந்த சருகைக் கலந்து, பிழிந்த துணியில் இருக்கும் அளவுக்கு ஈரம் வைத்து, அவ்வப்போது புரட்டிவிட்டால், குவியலின் உட்புறம் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி, நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் மடிந்து, சில மாதங்களில் நல்ல எருவாகும். அதே கழிவு பிளாஸ்டிக்கோடு சேர்ந்து காற்றில்லாமல் புதைந்தால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வெளியிடும்; கூடவே கிடக்கும் தாளையும் அட்டையையும் நனைத்து விலைபோகாமல் செய்துவிடும்.

சிக்கல் மக்காத குப்பையில்தான். ஒரு சிற்றூரில் மாதம் முழுவதும் சேரும் பாட்டில்களும் அட்டைகளும் லாரி வாடகைக்கே கட்டுப்படியாகாது. எனவே அருகருகே உள்ள ஊர்கள் ஒரு பொதுக் கிடங்கையும், அட்டையையும் பிளாஸ்டிக்கையும் அழுத்திக் கட்டும் இயந்திரத்தையும் சேர்ந்து வைத்துக்கொண்டு, முழுச் சுமை சேர்ந்த பின் அனுப்புவதே நடக்கக்கூடிய வழி. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய தின்பண்ட உறைகளை வாங்க ஆள் கிடைப்பது அரிது என்பதையும் மக்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவற்றைக் கொளுத்துவதோ தீர்வே அல்ல, பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகை கலந்த குப்பை திறந்தவெளியில் எரிந்தால் டையாக்சின் என்னும் நச்சு உருவாகிறது.

ஜப்பானில் 1,500க்கும் குறைவானோர் வாழும் காமிகட்சு என்ற மலையூர், குப்பையில்லா ஊராவோம் என்று 2003இல் அறிவித்தது. அங்கே குப்பை வண்டி கிடையாது. மக்களே மையத்துக்குக் கொண்டுவந்து சுமார் 45 வகைகளாகப் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ 80 சதவீதம் மறுசுழற்சிக்குச் செல்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது அந்த எண்கள் அல்ல. ஒவ்வொரு வகைக்கும் மேலே, அந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, அதனால் ஆகும் செலவு அல்லது வரும் வருவாய் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கூடைகளை வழங்குவதற்கு முன்பே, எந்தக் குப்பை யாரிடம் போகும் என்பதை ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்து, மாதந்தோறும் அதன் கணக்கைப் பொது இடத்தில் எழுதி வைக்குமாறு உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உடைந்த கண்ணாடியையும் நாப்கின்களையும் தனியே சுற்றிக் குறியிட்டுத் தருமாறு வீட்டாரையும் வேண்டுகிறேன். அவற்றைப் பிரிப்பது இன்னொருவரின் கை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்