பின் பிரேக்கை மாற்றலாம். ஹாண்ட்பிரேக் கேபிளைச் சுருட்டிக் கட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ். குடாநாடு தட்டை நிலம். காரைக் கியரில் விட்டு இறங்கினால் நின்ற இடத்தில் நிற்கும். அதனாலோ என்னவோ, ஸ்போர்ட்ஸ் கார்களின் பின் சில்லுகளுக்கு சில்லோடு சுற்றும் பெரிய டிஸ்க்கும் அதை நெரிக்கும் நான்கு பிஸ்ரன் கலிப்பரும் பூட்டும் சிலர், அதில் கொளுவ இடமில்லாமல் மிஞ்சிய ஹாண்ட்பிரேக் கேபிளைச் சுருட்டி அடியில் கட்டிவிடுகிறார்கள். அதே கார் ஏ-9 வீதியால் மாத்தளை தாண்டிக் கண்டிக்கும், அங்கிருந்து நுவரெலியாவுக்கும் ஏறுகிறது. சரிவில் அது உருண்டால் அடிபடுவது பின்னால் நிற்கும் ஆள்.

எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் ஹைட்றோலிக் லீவர் ஒன்றைப் பூட்டிவிட்டு ‘ஹாண்ட்பிரேக் இருக்குத்தானே’ என்போரும் உண்டு. அது போட்டிப் பாதையில் பின் சில்லை ஒரு கணம் பிடிப்பதற்கானது. ஓடிச் சூடான காரை அதில் நிறுத்தினால், டிஸ்க்கும் எண்ணெயும் ஆற ஆறச் சுருங்கி அழுத்தம் இறங்கும். எண்ணெயை அடைக்கும் சீல் கொஞ்சம் கசிந்தாலும் அப்படித்தான். கால் பிரேக்கின் குழாயையே அதுவும் நம்பியிருப்பதால், பின் குழாய் வெடித்தால் ஹாண்ட்பிரேக்கும் போய்விடும். நிறுத்திவைக்கக் கேபிளும் இரும்பும்தான் வேண்டும்.

முதலில் காரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய சுபரு இம்பிறெசா, ரொயோட்டா 86 போன்றவற்றில் பின் டிஸ்க்கின் நடுக் கிண்ணத்துக்குள் ஹாண்ட்பிரேக்குக்கென்றே சிறு டிரம்மும் அதை உள்ளிருந்து பிடிக்கும் ஷூவும் உண்டு. புது டிஸ்க்கின் கிண்ண உள்விட்டம் பழைய அளவாக இருந்தால் கலிப்பரை மாற்றினாலும் ஹாண்ட்பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது. மஸ்டா எம்எக்ஸ்-5, நிசான் சில்வியா ஆகியவற்றில் அது கலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. கலிப்பரோடு அதுவும் போய்விடும். வீதியில் ஓடும் எம்எக்ஸ்-5க்கு என் யோசனை, டிஸ்க்கை மட்டும் பெரிதாக்கி, பழைய கலிப்பரைப் பிறாக்கட் (தாங்கு தகடு) வைத்து வெளியே தள்ளிப் பூட்டுவதுதான். நான்கு பிஸ்ரன்தான் வேண்டுமென்றால், கேபிளால் இயங்கும் சிறு கலிப்பர் ஒன்றை ஒவ்வொரு பின் டிஸ்க்கிலும் தனியாகப் பூட்ட வேண்டும்.

எவ்வளவு பிடி தேவை? கார் பிரேக்குகளுக்கான ஐ.நா.வின் 13-எச் ஒழுங்குவிதிப்படி, பாரமேற்றிய கார் 20 சதவீதச் சரிவில் நிற்க வேண்டும். கையால் இழுக்கும் பலம் 400 நியூட்டனை, ஏறக்குறைய 40 கிலோவை, மிஞ்சக்கூடாது. 1200 கிலோ காரை அந்தச் சரிவு சுமார் 235 கிலோ பலத்தால் கீழே இழுக்கும். ரயரின் ஆரை 30 சென்ரிமீற்றர், பாட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டை) பிடிக்கும் ஆரை 12 சென்ரிமீற்றர், உராய்வு 0.35 என்று வைத்தால், டிஸ்க்கின் இரண்டு முகமும் உரசுவதால் ஒவ்வொரு டிஸ்க்கையும் சுமார் 420 கிலோவால் நெரிக்க வேண்டும். கையின் 40 கிலோ இரண்டு பக்கமும் சேர்த்து 840 ஆக வேண்டும். அதாவது 21 மடங்கு. கேபிள் உரசலில் தொலைவதையும் சேர்த்தால் இன்னும் கூட. உள்ளே இடமில்லை என்று கைலீவரையோ, கேபிள் இழுக்கும் கலிப்பர் கையையோ வெட்டிக் குறுக்கினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். குளிரில் பிடிக்காத போட்டிப் பாட் போட்டாலும் அதே நிலைதான்.

பிறாக்கட்டை 10 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் வெட்டுங்கள். போல்ட் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 10.9 முத்திரை இருக்க வேண்டும். டிஸ்க்கின் தடிப்புக்கேற்ற கலிப்பரை எடுத்து, ஷிம் (மெல்லிய தகடு) வைத்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பாட் மட்டுமே தேயும். முழுப்பிடியில் கேபிளும் கலிப்பர் கையும் செங்கோணத்துக்கு அண்மையில் நிற்க வேண்டும். கேபிளின் வெளியுறை இரண்டு முனையிலும் அசையாமல் பிடிபட வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும் சமன்கட்டையைக் கழற்றவே கூடாது. சில்லு தொங்கும்போதும் முழுதாக அமுங்கும்போதும் கேபிள் இழுபடுகிறதா, ரயரில் முட்டுகிறதா என்று பாருங்கள்.

அதிகம் பிழை விடுவது இறுக்கும் ஒழுங்கில்தான். லீவரை முழுதாக இறக்கி, கேபிளைத் தளரவிட்டு, முதலில் கலிப்பரில் பாட்டை நெருக்க வேண்டும்: தூக்கிய சில்லைக் கையால் சுற்றும்போது மெல்லிய உரசல் கேட்கும், அது நிற்கும்வரை தளர்த்துங்கள். (எம்எக்ஸ்-5இன் முதலிரு தலைமுறைகளில், பின்பக்க மூடிப் போல்ட்டைக் கழற்றி, 4 மில்லிமீற்றர் அலன் சாவியால் இறுகும்வரை திருகி, மூன்றில் ஒரு சுற்றுத் திரும்ப விட வேண்டும்.) அதன் பிறகுதான் கேபிள். கலிப்பரை விட்டுவிட்டுக் கேபிளை மட்டும் இறுக்கினால், கலிப்பர் கை தன் இருப்பிடத்தை விட்டு ஏற்கனவே எழும்பி நிற்கும். பாட் உரசிச் சூடாகும். சற்றுத் தேய்ந்ததும் இழுக்க மிச்சத் தூரம் இராது. லீவரை இருபது தடவை பலமாக இழுத்துவிட்டு மீண்டும் சரிபாருங்கள். 5 முதல் 7 கிளிக்குக்குள் பிடிக்க வேண்டும்.

எங்கள் கடற்காற்றில் கறள் முதலில் ஏறுவது, உள்கம்பி உறைக்குள் நுழையும் அந்த ஒரு அங்குலத்தில். றப்பர் உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். அங்கே கறள் பிடித்த கேபிள் இழுபடும், திரும்பிப் போகாது.

கராஜ் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். காரைக் கையளிக்க முன், சாய்தளம் ஒன்றில் ஏற்றி, சில்லுக்குச் சற்றுத் தள்ளிக் கட்டை வைத்து, நியூட்ரலில் விட்டு, மூக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். ஓடிச் சூடான காரை அரை மணிநேரம் ஆறவிட்டும் பார்க்க வேண்டும். இதில் தேறாத காரின் சாவியை உரிமையாளரிடம் கொடுக்க வேண்டாம்.

வாகனத் திருத்துநர் ஒருவர்,
கொக்குவில்.