டீம் நடத்தப் போகும் வள்ளிக்கு

காரைக்குடி

அன்புள்ள வள்ளி,

பெண்கள் சாஃப்ட்பால் கிளப்புக்கு உன்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்ன அன்றைக்கே அப்பச்சி தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. அது கிரிக்கெட் மாதிரியா என்று கேட்கிறவர்களுக்கு அவரே பந்தை அடித்துவிட்டு நாலு பேஸையும் சுற்றி ஓடுவதை விளக்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு ரொம்பப் பெருமை. கல்லூரியில் பி.டி. மேடமாக இருந்த காலம் முழுக்க இந்த ஆட்டத்தோடுதான் கிடந்தேன். அதனால் போனில் சொல்லி முடியாததை எழுதுகிறேன்.

அங்கே அமெரிக்காவில் உன் பல்கலைக்கழகத்தின் பெரிய அணி வேறு, உங்கள் அணி வேறு என்று சொன்னாய். அவர்களுக்குச் சம்பளக் கோச், ஸ்காலர்ஷிப், தனி மைதானம் எல்லாம் உண்டு. உங்களுக்கு மைதானம் கேட்டு வாங்குவதிலிருந்து அம்பயருக்குப் பணம் கொடுப்பது வரை எல்லாம் மாணவிகள் கையில். இங்கே எல்லாப் பிள்ளைகளும் கட்டுகிற விளையாட்டுக் கட்டணத்திலிருந்து பஸ் செலவும் சாப்பாட்டுப் படியும் கல்லூரியே கொடுத்துவிடும். என் பாடு, வகுப்புக்கு வராததை வருகையாகக் கணக்கில் எடுக்கச் சொல்லும் ஓ.டி. லெட்டரோடும் வீட்டு அனுமதியோடும்தான். நீயோ ஒவ்வொருத்தியிடமும் சந்தா வாங்கி அணியை நடத்த வேண்டும்.

அந்தச் சந்தாவைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே தொகை கட்டுகிறார்கள், ஆனால் களத்தில் ஒன்பது பேர்தான் நிற்க முடியும். மீதிப் பேர் டக் அவுட்டில் உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். இரண்டு வாரம் தட்டுவார்கள். மூன்றாவது வாரம் ஒருத்திக்குப் பரீட்சை வரும், இன்னொருத்திக்குக் காய்ச்சல் வரும், அப்புறம் ஆள் வரவே மாட்டாள். எத்தனையோ அணிகள் தோற்றதால் கலையவில்லை, இப்படித்தான் கலைந்தன. நன்றாக ஆடுகிறவளை நீ கவனிக்காவிட்டாலும் அவள் ஆடுவாள். பெஞ்சில் இருக்கிறவளைத்தான் நீ பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஆட்டத்தின் விதியே இடம் கொடுக்கிறது. முதலில் இறங்கிய பெண்ணை வெளியே எடுத்தாலும் ஒரு முறை திரும்ப இறக்கலாம், பேட்டிங் வரிசையில் அதே இடத்தில். கிரிக்கெட்டில் கிடையாத வசதி இது. நாலாவது இன்னிங்ஸில் புதுப் பெண்ணை லெஃப்ட் ஃபீல்டில் நிறுத்து, ஒரு முறை பேட் பிடிக்கட்டும், ஆறாவதில் பழையவளைத் திரும்பக் கொண்டு வா. மொத்தமே ஏழு இன்னிங்ஸ்தான் என்பதால் இதை ஆட்டத்துக்கு முந்தின நாளே தாளில் எழுதி வைத்துக்கொள். களத்தில் நின்றுகொண்டு யோசித்தால் ஜெயிக்கிற ஆசைதான் முந்தும். எழுதியதை அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடு. எப்போது இறங்கப் போகிறோம் என்று தெரிந்தவள் பெஞ்சிலும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சீசன் தொடங்கும் முன்பே பணக் கணக்கை எல்லாருக்கும் காட்டிவிடு. அம்பயர், ஹோட்டல், பெட்ரோல், பந்து, இவ்வளவு வரும், இவ்வளவு போகும் என்று. கட்ட முடியாதவள் ஒருத்தி கண்டிப்பாக இருப்பாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு, தவணை கொடு. குழுவில் எல்லார் முன்னாலும் அவள் பெயரைப் போட்டுக் கேட்காதே.

பந்து வீசுகிற பிட்சர் விஷயத்தில் பேராசைப்படு. சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்து ஆட்டம் வைக்கும்போது ஒரே பெண்ணின் தோளை நம்பிப் போகக் கூடாது. கீழே இருந்து வீசுவதால் கை வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே. 43 அடி தூரத்துக்குக் கையை முழு வட்டம் சுழற்றி வீசுகிறவளுக்குத் தோளும் முன்னங்கையும் நிச்சயம் களைக்கும். ஷார்ட் ஸ்டாப், சென்டர் ஃபீல்டர் என்று களத்தில் நிற்கிற ஒருத்தியையும் இப்போதிலிருந்தே வீசப் பழக்கு. நம் வீட்டு முகப்புச் சுவரில் கரியால் கட்டம் போட்டு என் கல்லூரிப் பிள்ளைகள் வீசிப் பழகியது நினைவிருக்கிறதா? அதில் நான் பார்த்ததெல்லாம் ஒன்றுதான்: பந்தை விடும் நொடியில் மணிக்கட்டு இடுப்பை உரசிப் போகிறதா என்று. பாவாடையோ பேன்ட்டோ, அந்த இடத்தில் துணி சரக்கென்று சத்தம் போட வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் கை உடம்பை விட்டு விலகிப் போய்விட்டது, பந்தும் கட்டத்தை விட்டு விலகும்.

உங்கள் மைதானம் மெத்தை மாதிரி இருக்கிறது என்று படம் அனுப்பினாய். இங்கே சரளை மண்ணில் ஸ்லைடு போட்டால் முட்டித் தோல் மிஞ்சாது. பயிற்சிக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டுக் கல் பொறுக்க வைப்பேன். மண் நல்லதாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. தலையில் பந்து பட்டவளுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. அவள் அழுதாலும், உன் ஒரே கேட்சர் அவளாக இருந்தாலும் சரி.

வெளியூர்ப் பயணமும் அப்படித்தான். தேவகோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தியை இரவு தங்கும் போட்டிக்கு அனுப்ப மாட்டேன் என்று அவள் அப்பா பிடிவாதமாக இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து எந்த பஸ், எங்கே தங்கல், யார் பக்கத்தில் படுப்பாள், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அனுப்பினார். அங்கே அப்பாக்கள் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் நீ எழுதி அனுப்பு. இரண்டு ஆட்டம் ஆடிக் களைத்தவள் ராத்திரியில் கார் ஓட்டக் கூடாது என்பதையும் அதிலேயே சேர்.

அப்புறம், அடுத்த வருஷம் நீ படிப்பு முடித்துப் போய்விடுவாய். ரங்கூன் வட்டிக் கடைக்கு ஏஜெண்டாகப் போன உன் ஐயாவின் அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், மூன்று வருஷத்துக்குத்தான். அவர் இருக்கும்போதே, கடையில் வேலை பழகுகிற பெட்டியடிப் பையன் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டிருப்பான். உனக்கும் அப்படி ஒரு முதலாம் ஆண்டுப் பெண் பக்கத்தில் இருக்கட்டும். மைதானத்துக்கு மனுப் போடுவதும், படிவங்கள் எங்கே இருக்கின்றன என்பதும், எந்த அணித் தலைவி போனை எடுப்பாள் என்பதும் அவளுக்கு இப்போதே தெரியட்டும்.

2028 ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருகிறது, ஓக்லஹோமா சிட்டியில் நடக்கப் போகிறது. அப்பச்சியும் நானும் வந்து பார்க்க ஆசைப்படுகிறோம். டிக்கெட் விவரம் பார்த்துச் சொல்.

மகிழம்பு முறுக்கும் சீப்புச் சீடையும் பார்சலில் வருகின்றன. உடைந்தது போக மீதியை அணியில் எல்லாருக்கும் கொடு. இந்த வாரம் இரண்டாவது ஆட்டத்தில் யார் பிட்ச் பண்ணப் போகிறாள்? ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்து அனுப்பு, யார் யார் எந்த இன்னிங்ஸில் இறங்கினார்கள் என்று தெரிகிற மாதிரி.

அன்புடன்,
அம்மா