என்னைச் சுமந்து வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கும், என் அண்ணன் குடும்பத்தாருக்கும், எங்கள் பிளாட்டு அண்டைவீட்டாருக்கும் அன்பின் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

ஞானஸ்நானம் எடுத்த மறு ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். அழுகையில் பாதிகூடச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்கே தெரியும்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் கப்பர்நகூமில் நடந்தது ஒன்று வருகிறது. படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒருவனை நாலு பேர் தூக்கி வருகிறார்கள். வீட்டு வாசலில் கூட்டம், உள்ளே நுழைய வழியில்லை. மேலே ஏறிக் கூரையைப் பிரித்து, அவனைப் படுக்கையோடு இயேசுவின் முன்னால் இறக்குகிறார்கள். அவன் வாய் திறந்து ஒன்றும் கேட்டதாக எழுதியில்லை. "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்துத்தான் ஆண்டவர் அவனை மகனே என்று கூப்பிட்டார், பாவங்களை மன்னித்தார். எழுந்து நடந்தது அதற்குப் பிறகு. அந்த நாலு பேருடைய பெயரும் எங்கேயும் இல்லை. வீட்டுக்கூட்டத்தில் இந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் ஒவ்வொருவர் முகமும் கண்முன் வந்து நின்றது.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், அதாவது இயந்திரம் வைத்து ரத்தம் கழுவ வேண்டும், போனால் நாலு மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி. நான் இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை செய்கிறவள். விடிவதற்கு முன்பே அடுப்படியில் நிற்க வேண்டும். அவரை யார் கூட்டிப்போவது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான், மூன்றாம் மாடி அக்கா, நீங்கள் உங்கள் பழைய காஞ்சில் காரோடு வந்தீர்கள். அதுவரை லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் நம் பழக்கம்.

ஒன்றை மட்டும் இங்கே எழுதியாக வேண்டும், உங்களுக்கு நினைவிருக்காது. சிறுநீரக நோயாளிக்குத் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை, கால் வீங்கும், மூச்சு முட்டும். ஆகவே ஐஸ்கட்டியை வாயில் போட்டுத் தாகத்தை அடக்குவார். ஒரு சனிக்கிழமை நானும் கூட வந்தேன். காரில் ஏர்கோன் இல்லை, ஜெலுத்தோங் ரோட்டில் நெரிசல், நல்ல வெயில். உங்கள் பக்கத்தில் தண்ணீர் போத்தல் இருந்தது. நான் எடுத்து நீட்டினேன். "வேணாம்மா, தம்பி இறங்கட்டும்" என்றீர்கள். அவர் எதிரில் நீங்கள் ஒரு நாளும் தண்ணீர் குடித்ததில்லை என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அவருக்கும் அது மனதில் பட்டிருக்கிறது. அந்த மாதங்களில் இயேசுவைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை நான் விலகிப் போயிருப்பேன்.

சபையார் அவருக்காக உபவாசம் இருந்து ஜெபித்தீர்கள். அவர் குணமாகவில்லை. இறந்துபோனார். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. குணமாகாவிட்டால் விசுவாசக் குறைவு என்று சொல்லுகிற இடத்துக்கும் யாரோ கூட்டிப்போய் அவர் உட்கார்ந்திருக்கிறார், தலைகுனிந்து திரும்பியிருக்கிறார். உங்களில் ஒருவர்கூட எங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. என்னோடு அழுதீர்கள். எங்கள் இந்து முறைப்படிதான் சடங்கெல்லாம் நடந்தது. சபைப் பெண்கள் பின்வரிசையில் நின்றீர்கள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கினீர்கள், பெரிய அண்டாவையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனீர்கள். கருமாதிக்கும் வந்து எங்களோடு பந்தியில் உட்கார்ந்தீர்கள். நாலாம் மாடிச் சீன ஆன்ட்டி என் சின்ன மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து கஞ்சி ஊட்டி வைத்திருந்தார். ஆன்ட்டி, உங்களுக்குத் தமிழ் தெரியாது, இதை மகள் வாசித்துச் சொல்வாள். ரத்தம் கழுவும் இடத்து மலாய்த் தாதி வீடு தேடி வந்து என்னைக் கட்டிக்கொண்டதையும் நான் மறக்கவில்லை.

எல்லாம் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், பழக்கத்தில் அவருடைய பையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே ஹார்ன் சத்தம். அக்கா வந்திருந்தார். "வாம்மா, பசியாறிட்டு வரலாம்" என்று கூட்டிப்போனார். ரொட்டி சானாய்க் கடையில்தான் முதல்முறையாகக் கேட்டேன், எங்களுக்கு ஏன் இவ்வளவு செய்கிறீர்கள் என்று. "எனக்குச் செஞ்சவரு ஒருத்தரு இருக்காரும்மா" என்றார். அவரைப் பற்றி நானும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நானாகத்தான் சொன்னேன்.

இயேசு எனக்கு முன்பின் தெரியாதவர் அல்ல. ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு எங்கள் அம்மா எங்களை ஃபெரியில் ஏற்றிக் கூட்டிப்போவார். பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில், கோயிலுக்குப் போகிறவர்கள்கூட, அங்கே மெழுகுவர்த்தி ஏற்றாதவர்கள் குறைவு. கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைக்கிறவர் என்று அப்போது தெரியாது.

வீட்டுக்கூட்டத்தில் வேதபாடம் நடத்தும் வாத்தியார் ஐயாவுக்கு என் நன்றி. முதலில் யோவான் மூன்றாம் அதிகாரத்தை எடுத்தீர்கள். நிக்கொதேமு இரவில் வருகிறார். படித்தவர், யூதருக்குள்ளே பெரிய அதிகாரி. மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னதும், முதிர்வயதில் ஒருவன் எப்படிப் பிறப்பான் என்று கேட்கிறார். ஐம்பது தாண்டிய எனக்கும் அதே கேள்வி. அவருடைய கதை அங்கேயே முடியவில்லை என்று நீங்கள் காட்டினீர்கள். ஏழாம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்தார் நடுவில் இயேசுவுக்காக ஒரு வார்த்தை பேசுகிறார். பத்தொன்பதாம் அதிகாரத்தில், சீஷர்களே சிதறிப்போன வேளையில், வெள்ளைப்போளமும் கரியபோளமுமாக நூறு இராத்தல் வாசனைப் பொருள் கொண்டுவந்து ஆண்டவரை அடக்கம்பண்ணத் துணை நிற்கிறார். ஒரே இரவில் எல்லாம் நடந்துவிட வேண்டியதில்லை என்று அன்றைக்கு எனக்குத் தைரியம் வந்தது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள். என்னாலும் வேதாகமத்தை வாசிக்க முடிகிறது என்றால் அதற்கும் யாரோ உழைத்திருக்கிறார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறிவிட்டது. முப்பத்தாறு வயதில் அவர் மரித்துப்போனார். அவருக்கு எங்கே போய் நன்றி சொல்வது? அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பெரிய தடையாக இருந்தது ஒன்று. உழைக்காமல் எதையும் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. இரட்சிப்புக்கு நான் என்ன செய்யணும், எத்தனை நாள் விரதம் இருக்கணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனும் தன் காவலில் இருந்த பவுலிடமும் சீலாவிடமும் அதைத்தான் கேட்டான் என்று பாஸ்டர் ஐயா சொன்னீர்கள். இயேசு கிறிஸ்துவை விசுவாசி என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது தேவனுடைய ஈவு என்று எபேசியரிலும் காட்டினீர்கள். சிறைச்சாலைக்காரன் அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த ராத்திரியிலேயே பவுலையும் சீலாவையும் அழைத்துக்கொண்டுபோய், அடிபட்ட அவர்கள் காயங்களைக் கழுவினான். கூலிக்காகக் கழுவவில்லை. கிடைத்துவிட்டது என்பதால் கழுவினான். நீங்கள் எங்களுக்குச் செய்ததெல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பாஸ்டர் ஐயா, உங்களுக்கு இன்னொரு நன்றி உண்டு. ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று வந்து நின்றபோது, முதலில் போய் அண்ணனிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினீர்கள்.

அண்ணா, உங்களைப் பற்றி எழுதத்தான் கை தயங்குகிறது. வருடா வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறவர் நீங்கள். அப்பா போன பிறகு எனக்கு அப்பாவும் நீங்கள்தான். நான் சொல்லி முடித்தபோது நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள், சாப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து, "பேர மாத்தச் சொல்றாங்களா?" என்றீர்கள். இல்லை என்றேன். "அம்மா படத்த எடுக்கச் சொல்றாங்களா?" அதுவும் இல்லை என்றேன். அண்ணி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டீர்கள்.

தஞ்சோங் பூங்கா கடற்கரைக்கு எங்களுக்கு முன்பே வந்து நின்றீர்கள், கையில் துண்டு, ஃபிளாஸ்கில் மைலோ. இடுப்பளவு தண்ணீரில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்னை முழுக்கி எடுத்தார்கள். கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு அவரோடு எழுந்திருக்கிறோம் என்று ரோமரில் படித்திருந்தேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறிக் கண்ணைத் திறந்தால், சிலுவாரைச் சுருட்டிவிட்டு முழங்கால்வரை கடலில் நீங்கள் நிற்கிறீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது என்று பயந்துபோய் இறங்கிவிட்டீர்கள். நீங்கள் அன்றைக்கு வந்தது என் விசுவாசத்துக்காக அல்ல என்று தெரியும். தங்கச்சிக்காக வந்தீர்கள். அந்த அன்பையும் என் ஆண்டவர் கொடுத்ததாகவே நான் எண்ணுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டு வாடகை அப்படியேதான் இருக்கிறது, முழங்கால் வலியும் இருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று எழுந்து உட்காருவது நின்றுவிட்டது. பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார் வீட்டுக்குத் தீபாவளிக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு போனேன், உட்காரச் சொன்னார்கள். சனிக்கிழமைகளில் அக்காவோடு ரத்தம் கழுவும் இடத்துக்குப் போய், துணைக்கு ஆள் இல்லாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். அங்கே நானும் தண்ணீர் குடிப்பதில்லை.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் பிளாட்டுக் கீழ்மண்டபத்தில் நன்றி ஜெபமும் சாப்பாடும் வைத்திருக்கிறேன். அண்ணனுக்குக் கந்த சஷ்டி விரதம், அதனால் சைவம் தனிச் சட்டியில் இருக்கும். ஆன்ட்டி, தாதி, மூன்றாம் மாடி அக்கா, எல்லாரும் குடும்பத்தோடு பன்னிரண்டரைக்கெல்லாம் வந்துவிடுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஜெலுத்தோங், பினாங்கு