வலியைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். உட்கார்ந்து எழுத முதுகு இடம் கொடுக்கவில்லை. இப்போது ஓரளவு கொடுக்கிறது, அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். முதுகில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு யாரைக் கேட்பது என்று தவிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் டாக்டருக்கு. ஐயா, உங்கள் கைத்திறனைப் புகழ எனக்குத் தகுதி இல்லை, நான் அப்போது மயக்கத்தில் இருந்தேன். அதற்கு முன் நீங்கள் பேசிய பேச்சுக்குத்தான் இந்த நன்றி. எம்.ஆர்.ஐ. படத்தை நீட்டினேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு என்னைக் குதிகாலால் நடக்கச் சொன்னீர்கள், அப்புறம் நுனிக்காலால். படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்தீர்கள். கால் கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்கச் சொல்லி அதன்மேல் அழுத்தினீர்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் படம். வலியே இல்லாதவர்களுக்குப் படம் எடுத்தாலும் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு, பிதுங்கியிருப்பது தெரியும், வயது ஏற ஏற அது சகஜம் என்றீர்கள். என் காலில் வலி இறங்குகிற பாதையும், படத்தில் அழுந்தியிருக்கிற நரம்பும் ஒத்துப்போகிறதா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருந்தது. ஒத்துப்போனது. கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு (எல்4-எல்5) இடையில் பிதுங்கிய டிஸ்க், கால் கட்டைவிரல் வரை ஓடும் எல்5 என்ற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

உங்களுக்கு முன் நான் பார்த்த ஒருவர் படத்தை மட்டும் பார்த்தார், என் காலைப் பார்க்கவில்லை. பேச்சு உடனே அறுவைக்கான தேதிக்குப் போய்விட்டது. நீங்களோ அவசரப்படவே இல்லை. டிஸ்க் பிதுங்கி வரும் கால்வலி பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் அறுவை இல்லாமலே குறைந்துவிடும் என்றீர்கள். 2007-இல் நெதர்லாந்தில் இருந்து வந்த ஓர் ஆய்வையும் சொன்னீர்கள்: சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி வேகமாக அடங்கியது, ஆனால் ஓராண்டு முடிவில் அவர்களும் பொறுத்திருந்து பார்த்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலைக்குத்தான் வந்திருந்தார்கள். கத்தி பிடிப்பவரே இதைச் சொல்வது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. கூடவே, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, இருக்கையும் தொடை இடுக்கும் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்றும், பாதத்தில் பலம் குறைந்தால் தள்ளிப்போடக் கூடாது என்றும் எச்சரித்தீர்கள். எனக்குப் பாதம்தான் பலம் இழந்தது. நடக்கும்போது விரல்கள் தரையில் தட்ட ஆரம்பித்தன. அதற்குப் பிறகு முடிவெடுப்பது கஷ்டமாக இல்லை.

நீங்கள் சொன்னதில் என்னைக் கடைசிவரை காப்பாற்றியது இதுதான்: "இந்த ஆபரேஷன் உங்கள் கால்வலிக்கு. முதுகுவலி போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மரத்துப்போன இடம் கடைசியில்தான் தேறும், கொஞ்சம் மிச்சம் நிற்கவும் செய்யலாம்."

இன்னொருவரிடம் கருத்துக் கேட்கட்டுமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, முகம் சுளிக்காமல் அறிக்கைகளின் நகலை எடுத்துக் கையில் கொடுத்தீர்களே, அதற்கும் நன்றி. அந்த இரண்டாவது டாக்டருக்கும் நன்றி. அவரும் அதே நரம்பைத்தான் சொன்னார், உங்களிடமே போகவும் சொன்னார்.

அத்தை மகளே, நீ நர்ஸாக இருப்பது எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த யோகம். டாக்டரிடம் கேட்கச் சொல்லி நீ எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். இந்த அறுவையை அடிக்கடி செய்கிறாரா, செய்யாவிட்டால் என்ன ஆகும், எந்த வலி குறையும் எது குறையாது, நரம்பைச் சுற்றியுள்ள உறை கிழிந்தால் என்ன செய்வார், டிஸ்க் மறுபடி பிதுங்க வாய்ப்பு உண்டா, வீட்டுக்கு வந்தபின் ராத்திரியில் ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. மறுபடி பிதுங்கலாம் என்பதைக்கூட அவர் மறைக்கவில்லை. அந்தத் தாளில் எனக்குப் பிடித்த கேள்வி, "உங்கள் வீட்டு ஆளாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்பது. அதற்கு அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார். யோசித்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

வார்டு சிஸ்டர்களுக்கு. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்லி நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஒன்றிரண்டு குறைத்தே சொன்னேன் என்பதை உங்களில் மூத்தவர் கண்டுபிடித்துவிட்டார். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா யாரும் மெடல் தரப்போறதில்லை. வலி உச்சிக்கு ஏறினப்புறம் மாத்திரை போட்டா அது இறங்க நேரமாகும். நேரத்துக்குப் போடுங்க, எழுந்து நடங்க" என்றார். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி உருண்டு பக்கவாட்டில் வந்து, காலைக் கீழே விட்டுக் கையை ஊன்றி எழுந்திருக்கும் வித்தையும் அவர் கற்றுத் தந்ததுதான். கடுமையான வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கினால் முதுகு கத்தும் என்று முன்கூட்டியே அதற்கும் மருந்து கொடுத்தீர்கள். இதையெல்லாம் யாரும் வெளியே பேசுவதில்லை. அனுபவித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மயக்கம் தெளிந்தபோது கால்வலி போயே போயிருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து சில நாளில், அதே கால், அதே எரிச்சல், கரண்ட் அடிப்பது மாதிரி. எல்லாம் வீணாகிவிட்டது என்றே தோன்றியது. டாக்டரின் உதவியாளர் தம்பி, அன்று நீங்கள் தொலைபேசியை எடுத்ததும் பாதத்தைத் தூக்க முடிகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா, காய்ச்சல் உண்டா, தையலில் கசிவு உண்டா, கெண்டைக்காலில் வீக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, தொந்தரவு பட்ட நரம்பு வீங்கி அடங்கும்போது இப்படி வந்து போவது உண்டு என்றீர்கள். மறுநாளே வரச் சொல்லிப் பார்க்கவும் செய்தீர்கள். நரம்பு வலிக்கான மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும், ஆனாலும் நானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அப்படியே செய்தேன்.

பிசியோதெரபிஸ்ட் அம்மா, நீங்கள் இல்லையென்றால் நான் இன்னும் படுக்கையில் கிடந்திருப்பேன். வலிக்கிறது என்றாலே உள்ளே ஏதோ கிழிகிறது என்ற பயம் எனக்கு. நீங்கள் கொடுத்த கணக்கு எளிமையானது: நடந்தபின் முதுகில் வந்த வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் பரவாயில்லை. வலி காலில் கீழே கீழே இறங்கினால் நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். அதிலேயே பாதி பயம் போய்விட்டது. ஒரே மூச்சாக நடக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை நடக்கவைத்தீர்கள், வெகுநேரம் உட்கார விடவே இல்லை. கட்டைவிரல் ஏன் இன்னும் மரத்தே கிடக்கிறது என்று நச்சரித்தபோது, சேதமான நரம்பிழை மறுபடி வளர்வது ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் என்றீர்கள். இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன். அதற்குமேல் நச்சரிக்கவில்லை.

இதே அறுவையை எனக்கு முன்பே செய்துகொண்டு, ராத்திரியில் தூக்கம் வராத நேரமாகப் பார்த்து என்னோடு பேசிய அண்ணனுக்கு: காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும், அதுவும் இதில் ஒரு பகுதி என்று நீங்கள் ஒருவர்தான் சொன்னீர்கள். அலுவலக நண்பர்களுக்கும் அவசரப்படுத்தாத மேலாளருக்கும் நன்றி.

என் மனைவிக்கு இங்கே எழுதினால், இதற்கெல்லாம் ஊரறிய நன்றியா என்று கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, திருகக் கூடாது என்ற மூன்று கட்டளைகளையும் என் சார்பில் காவல் காத்தவள் அவள்தான்.

இப்போதைய நிலவரம்: கால்வலி இல்லை. பாதம் தூக்க வருகிறது. நெடுநேரம் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது. கட்டைவிரல் பாதி மரப்பு. டாக்டர் சொன்னதற்கு அதிகமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. அத்தை மகள் எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, வேண்டுபவர்கள் கேளுங்கள், நகல் தருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் அன்பன்