வாசலுக்கு ஒரு வெட்சி

மதுரை,
ஞாயிறு காலை

அன்பு வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்திக்குக் காய்ச்சல், அப்புறம் சம்பந்தி வீட்டுக் கல்யாணம் என்று பதில் எழுத இழுத்துவிட்டது. முழங்கால் பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். மாடிப்படி ஏறுகிறாயா என்பதை மட்டும் ஏன் விட்டுவிட்டாய்?

புது வீட்டு வாசலில் எட்டடிக்கு நாலடி மண் கிடக்கிறது, என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நாகர்கோவில்காரி மதுரைக்காரியிடம் செடி கேட்கிறாளே என்று சிரிப்பு வந்தது. உங்கள் ஊர்த் தெச்சியையே வையேன். இங்கே இட்லிப்பூ என்பார்கள். ஹாஸ்டல் வாசலில் பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சி, வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோமே, அதேதான். தமிழம்மா வெட்சித்திணை நடத்தியபோது, பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவரப் போனவர்கள் சூடிய வெட்சி நாம் உறிஞ்சிய இதே பூ என்று எனக்கு உறைக்கவே இல்லை.

வாங்கும்போது பார்த்து வாங்கு. முதல் தடவை நான் நர்சரியில் 'குட்டை இட்லிப்பூ' என்று தந்ததை வாங்கி வந்தேன். அழகுதான், ஆனால் அது சீன வகை, நம்ம வெட்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்: நம்மூர்ச் செடி என்றால் நாலு இதழும் நுனி கூராக இருக்கும், சீனத்துக்கு மழுங்கியிருக்கும். நம்மதில் இலைக்கும் காம்பே இல்லாத மாதிரி, கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

நம்ம செடியைத் தேடிப் பிடித்து வைத்தும் இரண்டாம் வருஷம் அழவைத்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளிறின மஞ்சள். தண்ணீர் போதவில்லையாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். வினையே அந்தத் தண்ணீர்தான்! எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும். போதாக்குறைக்குச் சுவர் பூசினபோது கொத்தனார் சிந்திய சிமென்ட் வேரடியில் கிடந்தது. வெட்சிக்குச் சற்றுப் புளிப்பான மண் வேண்டும். சுண்ணாம்பு ஏறிவிட்டால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்புச் சத்துள்ள உப்பு), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து இலையில் தெளித்தேன். புதுத்தளிர் பச்சையாக வந்தது. மழை விட்டதும் செடியைச் சுவரைவிட்டு இரண்டடி தள்ளி நட்டேன். இப்போது மொட்டை மாடி மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். உங்கள் செம்மண்ணில் இவ்வளவு பாடு இருக்காது. வீடு கட்டின கப்பியை மட்டும் ஓரடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிடு, வெயில் விழுகிற பக்கமாக வை.

விட்டால் ஆளுயரம் போகும், இடுப்பளவில் நிறுத்திக்கொள்ளலாம். பூப்பது கிளை நுனியில், அதனால் ஒரு சுற்றுப் பூ ஓய்ந்த பிறகுதான் கவாத்து. பக்கத்து வீட்டுக்காரர் மாதாமாதம் பெட்டி மாதிரி வெட்டிவிட்டு, பூக்கவே மாட்டேன் என்கிறது என்று என்னிடம் வந்து குறைப்படுகிறார்.

எங்கள் கறிவேப்பிலையில் முட்டையிட வரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி இப்போது வெட்சியையும் விடுவதில்லை. உட்காராமல் இறக்கையை அடித்தபடியே நீளக் குழலை விட்டுக் குடிக்கிறது. நம்மை மாதிரி பிடுங்குவதில்லை.

மழையில் ஊன்றிய குச்சிகளில் இரண்டு வேர் பிடித்திருக்கின்றன. தையில் வரும்போது கொண்டுவருகிறேன். அதற்குள் மாடிப்படி சமாசாரத்தை எழுது.

உன்,
சரோஜா